கடல் புகுந்த கிணற்றை மீட்பது எப்படி

2004 டிசம்பர் 26 காலை 6.58 மணி, அன்றைய இலங்கை நேரம். சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. சுமார் இரண்டு மணி நேரத்தில் சுனாமி அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடித்தது. சில இடங்களில் ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகக் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை அது கொண்டுபோனது. தப்பியவர்களுக்கு அன்று பின்னேரமே இன்னொரு கேள்வி எழுந்தது: எதைக் குடிப்பது?

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் குடிநீர் என்றால் கிணறுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் திட்டு. அந்த மணலில் 3 முதல் 5 மீற்றர் ஆழத்துக்குத் தோண்டி, கொங்கிரீட் வளையம் இறக்கி, வாளியால் அள்ளிக் குடித்த ஊர்கள் இவை. அலை புகுந்த கிணறுகள் எல்லாம் ஒரே நாளில் உவராகின. உதவிக்கு வந்தவர்கள் மோட்டரோடு வந்தார்கள், இறைத்தார்கள், மறுநாள் ருசி பார்த்தால் திரும்ப உப்பு. மறுபடி இறைத்தார்கள். ஒரே கிணற்றை மூன்று நான்கு தடவை வெறுமையாக்கியும் உப்புப் போகவில்லை. சில கிணறுகளில் வளையம் சரிந்தது, சிலவற்றில் அடியிலிருந்து மணல் பொங்கியது.

செய்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். பிழை எங்கே என்றால், உப்பு கிணற்றுக்குள் இருக்கிறது என்று நினைத்ததில். உப்பு கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கிறது. கீழே சொல்லும் முறை முழுக்க அந்த ஒரு விடயத்தில் நிற்கிறது. கிழக்கிலங்கையின் மணற்பாங்கான கரையையும் அங்குள்ள வளையக் கிணறுகளையும் மனதில் வைத்து எழுதியது. மணல் கரையும் ஆழமில்லாத கிணறும் உள்ள எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. 20 பேர்ச் வளவு ஒன்றை எடுங்கள், அதாவது ஏறத்தாழ 506 சதுர மீற்றர். அதில் 10 சென்ரிமீற்றர் உயரக் கடல்நீர் மணலுக்குள் ஊறிவிட்டது என்று வையுங்கள். ஒரு சதுர மீற்றருக்கு 100 லீற்றர், அதாவது 3.5 கிலோ உப்பு. வளவு முழுக்க ஏறத்தாழ 1,770 கிலோ.

இப்போது கிணற்றைப் பாருங்கள். 1.2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் 2,260 லீற்றர். அந்தத் தண்ணீரில் லீற்றருக்கு 5 கிராம் உப்பு இருந்தால், கிணற்றை முழுதாக ஒருமுறை வெறுமையாக்கும்போது வெளியே போவது 11 கிலோ. 1,770 கிலோவில் 11 கிலோ. மீதி சுற்று மண்ணிலிருந்து அன்றிரவே கிணற்றுக்குள் ஊறி வந்துவிடும்.

இன்னொரு கணக்கும் வேண்டும். 100 லீற்றர் நல்ல தண்ணீரில் 3 லீற்றர் கடல்நீர் கலந்தால் போதும், லீற்றருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் உப்பு ஏறிவிடும். அந்த அளவிலேயே வாய்க்குப் பிடிக்காது. இவ்வளவு உப்பையும் மோட்டரால் துரத்த முடியாது. மாரிமழை மட்டும்தான் அதைக் கீழேயும் பக்கவாட்டிலும் தள்ளி, கடலுக்கும் வாவிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அளவாக இறைத்தால் நன்மை வராவிட்டாலும் கெடுதல் இல்லைத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கெடுதல் உண்டு. மணல் திட்டின் கீழே நன்னீர் தனியாக இல்லை, கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஏட்டுக் கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு மீற்றர் நன்னீருக்கும் கீழே 40 மீற்றர் நன்னீர் தாங்கி நிற்கும். இதே கணக்கைத் தலைகீழாகப் பாருங்கள்: நீங்கள் தொடர்ந்து இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் தாழ்த்தி வைத்திருந்தால், அடியிலுள்ள உவர்நீர் 4 மீற்றர் மேலே ஏறப் பார்க்கும். குறுகிய மணல் திட்டில் உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனால் திசை இதுதான். அலை கொண்டுவந்த உப்பைத் துரத்தப்போய், அடியில் தூங்கும் கடலை எழுப்பிவிடக் கூடாது.

முதல் சில நாட்கள்: அவசரப்பட வேண்டிய ஒரே வேலை

பள்ளங்களில் கடல்நீர் தேங்கி நிற்கும். வீதி ஓரம், அத்திவாரக் குழி, தோட்டத்துப் பாத்தி, எங்கும் நிற்கும். அது நாளுக்கு நாள் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கிய பிறகு எடுக்க வழி இல்லை, இறங்குமுன் எடுக்கலாம். மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, தாழ்வான பக்கமாகக் கடலுக்கோ வாவிக்கோ விடுங்கள். மோட்டர் கிடைத்தால் அதைக் கிணற்றில் இறக்காமல் இந்தக் குட்டைகளில் இறக்குங்கள். கிணற்றைச் சுற்றி 20, 30 மீற்றருக்குள் இருக்கும் குட்டைகள் முதலில். அலை விட்டுப்போன சேற்றுப் படையையும் அந்த வட்டத்துக்குள் வழித்து அப்புறப்படுத்துங்கள், அதிலும் உப்பு நிறைய இருக்கும்.

இதே நாட்களில் தற்காலிக முகாம்களுக்கு அவசரமாகக் கழிப்பறைக் குழி வெட்டுவார்கள். நீர்மட்டம் 1 அல்லது 2 மீற்றரிலேயே இருக்கும் மணலில் குழி வெட்டினால் அது நேரே நிலத்தடி நீரில் முடியும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 1.5 மீற்றர் வரண்ட மண் இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். அதற்கு இடமில்லாத வளவில் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய, அடி மூடிய தாங்கிதான் வழி. உப்பு ஆளைக் கொல்வதற்கு முன் கழிவு கொன்றுவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அளப்பது

மின்கடத்துதிறன் அளக்கும் பேனை போன்ற சின்னக் கருவி ஒன்று போதும். ஒரு கிராமத்துக்கு ஒன்று இருந்தால் நூறு கிணறுகளைப் பார்க்கலாம். அலகு மைக்ரோசீமென்ஸ். கூடவே 1,413 என்று எழுதிய அளவுத்திருத்தக் கரைசல் ஒரு சிறு போத்தல் வாங்குங்கள், வாரம் ஒருமுறை அதில் முக்கிச் சரிபார்க்காவிட்டால் கருவி சொல்வதை நம்ப முடியாது. கடல்நீரில் முக்கிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவாமல் அடுத்த கிணற்றில் வைப்பதுதான் அதிகமாக நடக்கும் தவறு.

கடல்நீர் சுமார் 50,000 காட்டும். காட்டும் எண்ணை 0.65 ஆல் பெருக்கினால் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று ஏறத்தாழ வரும். கருவி காட்டும் எண் 1,000க்குக் கீழே இருந்தால் உப்பைப் பொறுத்தவரை குறை இல்லை. 1,500 அளவில் நாக்குக்குத் தெரியும். 3,000க்கு மேல் போனால் குடிநீர்ப் பேச்சே வேண்டாம், குளிக்க, துணி தோய்க்க, கழுவ வைத்துக்கொள்ளலாம். சவர்க்காரம் நுரைக்காது, அவ்வளவுதான்.

ஒரு கிணற்றில் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: மேற்பரப்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே ஒன்று, அடியிலிருந்து ஒரு சாண் மேலே ஒன்று. உவர்நீர் கனம், கீழே தங்கும். மேலே 1,800, அடியில் 6,000 என்று காட்டும் கிணறு நல்ல சகுனம், மேலே நன்னீர் சேரத் தொடங்கிவிட்டது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் யாரோ கலக்கியிருக்கிறார்கள், அல்லது இறைத்திருக்கிறார்கள். ஒரு போத்தலில் கல் கட்டி, வாயைத் தக்கையால் மூடி, அடிக்கு இறக்கி, தக்கையில் கட்டிய நூலை இழுத்துத் திறந்தால் அடித் தண்ணீர் கிடைக்கும்.

காலையில், யாரும் அள்ளுமுன், வாரத்துக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே நாளில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கூடவே நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், அந்த வாரம் மழை பெய்ததா என்பதும் வேண்டும். இந்தக் கொப்பி இல்லாமல் பின்னால் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள். கிணற்றில் என்ன விழுந்தது என்று தெரியாத நாட்களில் ஒரு மிடறும் ஆபத்து.

ஒரேயொரு தடவை துப்புரவு

கிணற்றுக்கு இரண்டு நோய். ஒன்று அழுக்கு: சேறு, குப்பை, செத்த விலங்கு, கழிப்பறையிலிருந்து வந்தது. மற்றது உப்பு. அழுக்குக்கு மருந்து கையில் இருக்கிறது, உப்புக்கு இல்லை. ஆகவே துப்புரவு அழுக்கை நீக்கத்தான், அதுவும் ஒரு தடவை. “உப்புப் போகவில்லை, இன்னொரு தடவை” என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

டீசல், எண்ணெய், பூச்சிமருந்து வாடை அடித்தால் அந்தக் கிணற்றைத் தொட வேண்டாம், மூடி அடையாளமிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். குளோரின் அவற்றைப் போக்காது.

மிதக்கும் குப்பையைக் கொக்கித் தடியால் எடுங்கள். பிறகு தண்ணீரைக் குறைக்க வேண்டும். 2 அங்குலப் பெற்றோல் மோட்டர் ஒன்று நிமிடத்துக்கு 500 லீற்றர் அளவில் இழுக்கும். மேலே சொன்ன கிணறு நான்கைந்து நிமிடத்தில் காலி. உள்ளே தண்ணீர் இல்லை, வெளியே மண்ணில் நீர்மட்டம் அப்படியே இருக்கிறது, அந்த அழுத்தம் வளையத்தை உள்ளே தள்ளும், அடி மணலைக் கொதிக்கிற சோறு மாதிரிப் பொங்க வைக்கும். 2005 இல் கிணறுகள் சரிந்தது இதனால்தான். வாளியால் அள்ளுங்கள், அல்லது நிமிடத்துக்கு 30, 40 லீற்றர் இழுக்கும் வீட்டு மோட்டரைப் பாவியுங்கள். மட்டம் அரை மீற்றர் இறங்கியதும் நிறுத்தி, ஊற விட்டு, திரும்பத் தொடங்குங்கள். முழுதாக வெறுமையாக்க வேண்டாம், அடிச் சேறு எட்டுமளவு இறங்கினால் போதும். மண் கலங்கலாக வருவது நிற்காமல் கூடிக்கொண்டே போனால், அடி மணல் வருகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

இறைத்த தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்பது பெரிய விடயம். கிணற்றடியில் ஊற்றினால் மணலில் சில மணி நேரத்தில் திரும்பக் கிணற்றுக்கே வரும். குழாய் போட்டு 30 மீற்றருக்கு அப்பால், கடல் பக்கம் தாழ்வாக விடுங்கள். அயல் வீட்டுக் கிணறு அந்தப் பக்கம் இருந்தால் வேறு பக்கம்.

உள்ளே இறங்குவது பற்றி. பெற்றோல் மோட்டரை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள், மேலே வைத்தாலும் கிணற்று வாயிலிருந்து சில மீற்றர் தள்ளி, காற்று கிணற்றுப் பக்கம் அடிக்காத இடத்தில் வையுங்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை உண்டல்லவா, விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. ஆனால் விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்பது சரியல்ல: காபனோரொட்சைட்டு விளக்கை அணைக்காது, ஆளை வீழ்த்தும். மோட்டர் ஓடிய கிணற்றில் நீண்ட நேரம் காற்றோட்டம் விட்டு, வேப்பங்குழைக் கட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பலமுறை இறக்கி ஏற்றிக் காற்றைக் கலைத்த பின்பே ஆள் இறங்க வேண்டும். இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு, மேலே அவரை இழுக்கக்கூடிய இரண்டு பேர். கீழே ஒருவர் மயங்கினால் அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. கிணற்றுச் சாவுகளில் இரண்டாவது ஆள் போவது இப்படித்தான்.

அடிச் சேற்றை அள்ளி எடுத்த பிறகு, வளையத்தின் உட்பக்கத்தைக் குளோரின் கரைசலால் தூரிகை போட்டுத் தேயுங்கள். 10 லீற்றர் தண்ணீருக்கு 65 சதவீத வலுவுள்ள குளோரின் மணி (குருணையாக வருவது) 30 கிராம், அல்லது 25 சதவீதக் குளோரின் தூள் 80 கிராம். வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். அடியில் கழுவிய சல்லியும் பருமணலுமாக 15 சென்ரிமீற்றர் பரப்பினால் வாளி படும்போது சேறு கிளம்பாது.

குளோரின் போடுவது

தண்ணீர் தெளிந்த பிறகுதான் குளோரின். கலங்கலில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். ஒரு கண்ணாடிக் கோப்பையில் எடுத்து, பின்னால் பிடித்த எழுத்தை வாசிக்க முடிய வேண்டும்.

அளவு: லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின். கிணற்று நீரின் கன அளவு அறிய விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785 ஆலும், பின் தண்ணீர் ஆழத்தாலும் பெருக்குங்கள், கன மீற்றர் வரும். ஒரு கன மீற்றருக்கு 25 சதவீதத் தூள் 200 கிராம், அல்லது 65 சதவீத மணி 77 கிராம். முன் சொன்ன 2,260 லீற்றர் கிணற்றுக்குத் தூள் என்றால் சுமார் 450 கிராம், மணி என்றால் சுமார் 175 கிராம். தூள் பை திறந்து கிடந்திருந்தால், ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தால் வலு பாதியாகவும் இருக்கலாம். மூடிய, புதிய பை வாங்குங்கள்.

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, அதில் தூளைப் போடுங்கள். தூளில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கலக்கி அரை மணி நேரம் அடைய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் வெள்ளையாகி மக்கள் பயப்படுவார்கள், பயனும் இல்லை. கையுறை, கண்ணுக்கு மறைப்பு, காற்றுக்கு முதுகு. கழிப்பறை கழுவும் அமிலம் அருகிலேயே இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

வாளியை மூன்று நான்கு தடவை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். அரை மணி கழித்துக் குளோரின் வாடையே இல்லை என்றால் அழுக்கு இன்னும் இருக்கிறது, அதே அளவு திரும்பப் போடுங்கள். வாடை இருந்தால் 24 மணி நேரம் மூடி, யாரும் அள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு குளோரின் நீரை முழுதாக இறைத்து வெளியே ஊற்ற வேண்டும் என்று பொதுவான கைநூல்களில் இருக்கும். சாதாரண வெள்ளத்துக்கு அது சரி, கடல் புகுந்த கிணற்றுக்குச் சரியல்ல. வலையால் மூடி, வெயிலும் காற்றும் பட விடுங்கள், சில நாளில் குளோரின் தானே குறையும். அதுவரை கழிப்பறைக்கும் நிலம் கழுவவும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளலாம்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைப்பதும் அப்படித்தான், தண்ணீர் ஆவியாகி மீதியில் உப்புக் கூடத்தான் செய்யும். துணி, மணல், கரி வடிகட்டி எதுவும் உப்பைப் பிடிக்காது.

மழை வரும்வரை என்ன குடிப்பது

ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க 3 லீற்றர், சமையலும் கழுவலும் சேர்த்துக் குறைந்தது 15 லீற்றர் என்று கணக்கிடுங்கள். பவுசரில் (தாங்கி லொறியில்) வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்றதற்கெல்லாம் உவர்க் கிணறு. இரண்டுக்கும் வேறு வேறு நிறக் குடம் வைத்தால் பிள்ளைகளுக்கும் குழப்பம் வராது. பால்குடிக் குழந்தைக்கு மாப்பால் கரைக்க, கர்ப்பிணிகளுக்கு, இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு “கொஞ்சம்தானே உப்பு” என்று கிணற்று நீர் கொடுக்கக் கூடாது.

பவுசர் தண்ணீர் வீட்டுக்கு வரும்போது சுத்தமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 25 சதவீதத் தூள் 40 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததைக் கறுத்தப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். 20 லீற்றர் கலனுக்கு அதில் 4 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அரை மணி காத்திருங்கள். இலேசான வாடை இருக்க வேண்டும். இந்தக் கரைசல் ஒரு வாரத்துக்கு மேல் வலுவோடு நிற்காது.

மாரியைக் கிணற்றுப் பக்கம் திருப்புவது

கிழக்கின் மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அலைக்குப் பின் வந்த மாரிகள்தான் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் திருத்தின. பழைய நிலைக்கு நெருங்கக் கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு எடுத்தது. மீண்டும் மீண்டும் இறைத்த கிணறுகள் அதனால் முந்தித் தெளிந்துவிடவில்லை.

மழைக்கு வழிவிடும் வேலைகள் எளியவை. வளவுக்குள் விழும் நீர் வீதிக்கு ஓடாமல் ஓரத்தில் ஒரு சாண் வரம்பு கட்டுங்கள். இறுகிய சேற்றுத் தோலை மண்வெட்டியால் கொத்தி உடையுங்கள். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போக 40,000 லீற்றர் கிடைக்கும், அதாவது அந்தக் கிணறு பதினேழு தடவை நிறையும் தண்ணீர். கூரைப் பீலியிலிருந்து குழாய் எடுத்து, கிணற்றிலிருந்து 3 மீற்றர் தள்ளி, மேடான பக்கம் ஒரு மீற்றர் நீள அகல ஆழத்தில் சல்லி நிரப்பிய குழிக்குள் விடுங்கள். நேரே கிணற்றுக்குள் விட வேண்டாம், கூரையிலுள்ள எச்சமும் சருகும் சேர்ந்து போகும். குடிக்கச் சேகரிப்பதானால் முதல் மழையின் முதல் 50 லீற்றரை வெளியே விட்டுவிடுங்கள்.

முதல் நல்ல மழைக்குப் பிறகு அளந்தால் பல கிணறுகளில் உப்புக் கூடியிருக்கும். மக்கள் இங்கேதான் மனம் உடைந்து மோட்டரைத் தேடிப் போகிறார்கள். மேல் மண்ணில் காய்ந்து கிடந்த உப்பை மழை கீழே இறக்குகிறது, அது கிணற்றைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் எண் இறங்கும். பங்குனி முதல் வெயில் காலத்தில் நீர்மட்டம் தாழும்போது மறுபடி ஏறும், அடுத்த மாரியில் முன்னதைவிடக் கீழே போகும். கொப்பியில் இந்த ஏற்ற இறக்கம் தெரியும்.

இந்தக் காலம் முழுவதும் அள்ளுவது மேலிருந்து மட்டும். வாளிக் கிணற்றில் இது தானே நடக்கும். மோட்டர் வைத்தவர்கள் உறிஞ்சுகுழாயின் வாயை அடியில் விடாமல், மூடிய பிளாஸ்டிக் கலன் ஒன்றை மிதவையாகக் கட்டி, நீர்ப்பரப்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே தொங்க விடுங்கள். ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பாமல், நாளைக்கு நான்கு தடவையாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

பொறுமை இழந்து கிணற்றை ஆழமாக்குபவர்கள் உண்டு, குழாய்க் கிணறு இறக்குபவர்களும் உண்டு. கரையோர மணலில் ஆழம் போகப்போக உவருக்குத்தான் கிட்டப் போகிறோம். புதிதாகத் தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மேட்டில், ஆழம் குறைவாக, அகலம் கூடுதலாகத் தோண்டுங்கள். நன்னீர்ப் படை அங்கேதான் தடிப்பு.

வளவு மரங்களைப் பற்றிச் சுருக்கமாக: தென்னையும் பனையும் தாக்குப்பிடிக்கும், ஓலை கருகினாலும் வெட்டிவிடாதீர்கள். வாழை, பப்பாளி, மா தாங்காது. மணலில் ஜிப்சம் (சோடியத்தை அகற்ற மண்ணில் இடும் கனிமம்) போடத் தேவையில்லை, மழையே கழுவும். நாகப்பட்டினத்தின் நெல்வயல் போலக் களிமண்ணில் கடல் புகுந்தால் கதை வேறு, சோடியம் களியோடு ஒட்டி மண்ணை இறுக்கும், அங்கே மண் சோதனை செய்து ஜிப்சமும், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும் வேண்டும்.

எப்போது திரும்பக் குடிக்கலாம்

மேல் அளவீடு தொடர்ந்து நான்கு வாரம் 1,000க்குக் கீழே, அல்லது அலைக்கு முன் ஊரில் வழக்கமாக இருந்த அளவுக்குள் நிற்க வேண்டும். அதுவும் மாரியின் நடுவில் மட்டும் நின்றால் போதாது, மழை விட்டு இரண்டு மாதம் கழித்தும் நிற்க வேண்டும். அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கிருமிச் சோதனை. 100 மில்லிலீற்றரில் மலக் கிருமி ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்தால் மேலே சொன்ன குளோரின் முறையை இன்னொரு தடவை செய்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். அப்போதும் வந்தால் கிணற்றைத் திட்டிப் பயனில்லை, 30 மீற்றருக்குள் எங்கோ ஒரு கழிவுக் குழி இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

சோதனை நல்லபடி வந்ததும் கிணற்றுக் கட்டைத் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயர்த்தி, சுற்றிலும் ஒன்றரை மீற்றர் அகலத்துக்குச் சரிவான சீமெந்துத் தளம் போட்டு, வழியும் நீரைக் கானால் தூரக் கொண்டுபோங்கள். கொப்பியை மூடி வைக்க வேண்டாம். அடுத்த வெயில் காலத்தில் மாதம் ஒருமுறையாவது அளந்து எழுதுங்கள், அடி அளவீடு மெல்ல ஏறத் தொடங்கினால் மேலே தெரிய முன்பே அது சொல்லிவிடும்.